மற்றவர்களுக்குத் தேனும் தோலும் தெரிகிறது, எனக்குச் சாராய நெடி மட்டும்தான்

விஸ்கி ஆர்வலர் குழு ஒன்றில் சேர்ந்து மூன்று கூட்டங்களுக்குப் போயிருக்கிறீர்கள். ஒவ்வொரு கிளாஸையும் முகர்ந்துவிட்டு மற்றவர்கள் "தேன், பழைய தோல் பை, ஆரஞ்சுத் தோல், கடற்காற்று" என்று அடுக்கிக்கொண்டே போகிறார்கள். உங்களுக்குக் கிடைத்தது சாராய நெடியும் தொண்டை எரிச்சலும்தான். அவர்கள் கதை கட்டுகிறார்களா, இல்லை என் மூக்கில் கோளாறா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கேள்விக்கு அடியில் இன்னொன்றும் இருப்பதாக எனக்குப் படுகிறது. சுவைக்குறிப்பில் எழுதப்படுவது கிளாஸுக்குள் இருக்கிறதா, எழுதுகிறவர் மனத்தில் இருக்கிறதா? இந்த இரண்டாவது கேள்விக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும்.

என்னைப் பற்றி ஒரு வரி. உணவு ஆய்வகம் ஒன்றில் மணமும் சுவையும் மதிப்பிடும் குழுவில் பயிற்சி பெற்றவன் நான். பதினான்கு ஆண்டுகளாக ஒரு சிறிய விஸ்கிக் குழுவின் மாலைகளை நடத்தி வருகிறேன். வடிசாலையில் வேலை செய்ததில்லை. ஆகவே தயாரிப்பு பற்றி நான் சொல்வது படித்தும் கேட்டும் அறிந்தது. முகர்வது பற்றிச் சொல்வது கையாலும் மூக்காலும் கற்றது.

உங்கள் மூக்கில் கோளாறு இருக்க வாய்ப்பு குறைவு. நீங்கள் உணர்ந்த அந்த "நெடி"யில் பெரும்பகுதி மணமே கிடையாது, அது எரிச்சல். மூக்குக்கும் வாய்க்கும் வலியையும் சூட்டையும் உணர்த்தும் நரம்பு ஒன்று உண்டு. மிளகாயின் காரத்தை நமக்குச் சொல்வதும் அதே நரம்புதான். மிளகாயின் காப்சைசின் எந்த ஏற்பியைத் தூண்டுகிறதோ அதையே சாராயமும் தொடுகிறது. சுமார் 42 டிகிரி சூட்டில் விழித்துக்கொள்ளும் அந்த ஏற்பி, சாராயம் பட்டால் உடல் சூட்டைவிடக் குறைந்த வெப்பத்திலேயே விழித்துக்கொள்கிறது. அதனால்தான் குளிர்ந்த விஸ்கியும் தொண்டையில் சுடுகிறது. அந்த எரிச்சல் ஓங்கி நிற்கும்போது மெல்லிய மணங்கள் பின்னால் போய்விடுகின்றன. பழகியவர்களுக்கும் எரிச்சல் இல்லாமல் போய்விடுவதில்லை. அதைத் தாண்டி முகரும் சில பழக்கங்கள் அவர்களுக்குக் கைவந்திருக்கின்றன, அவ்வளவுதான்.

அந்தப் பழக்கங்களை நீங்கள் ஒரே மாலையில் கற்றுக்கொள்ளலாம். மூக்கைக் கிளாஸுக்குள் நுழைக்காதீர்கள். கிளாஸை முகவாய்க்கு நேராகப் பிடித்து, வாயைச் சற்றே திறந்து வைத்து, மூச்சை இழுக்காமல் இயல்பாக விடுங்கள். பிறகு மெதுவாக மேலே கொண்டுவாருங்கள். எரிச்சல் தொடங்கும் இடத்துக்கு ஒரு விரற்கடை முன்னால் நிறுத்திவிடுங்கள். உங்கள் இடம் அதுதான், ஒவ்வொரு விஸ்கிக்கும் அது மாறும். முகர்ந்து களைத்துவிட்டால் உங்கள் சட்டைக் கையை முகருங்கள். பழகிப்போன உங்கள் சொந்த மணம் மூக்கைச் சமநிலைக்குக் கொண்டுவந்துவிடும். முதல் வாயை மதிப்பிடவே வேண்டாம், அது நாக்கைப் பழக்குவதற்கு மட்டும். இரண்டாம் வாயை விழுங்கியதும் வாயை மூடி, மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். சுவை என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி அப்போது தொண்டையின் பின்புறத்திலிருந்து மூக்குக்கு ஏறும் மணம்தான். மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு வாய் குடித்துப் பாருங்கள். இனிப்பு, கசப்பு, எரிச்சல் தவிர வேறொன்றும் மிஞ்சாது.

தண்ணீர் சேர்ப்பது பற்றி உங்கள் குழுவில் யாரேனும் முகம் சுளித்திருந்தால் அதைப் பொருட்படுத்த வேண்டாம். பல பீப்பாய்களின் விஸ்கியைக் கலந்து ஒன்றாக்கும் தொழில்முறைக் கலப்பாளர்கள் தண்ணீர் விட்டு வீரியத்தை ஏறத்தாழ 20 சதவீதத்துக்கு இறக்கித்தான் முகர்கிறார்கள். பீப்பாயின் வீரியத்திலேயே அடைத்த 60 சதவீத விஸ்கி 20 மி.லி. உங்கள் முன் இருந்தால், 6 மி.லி. தண்ணீர் அதை 46-க்கு அருகில் கொண்டுவரும். சொட்டு மருந்துக் குழாய் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஏன் மணத்தைத் திறக்கிறது என்பதற்கு 2017-இல் ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்ல்சன், ஃப்ரீட்மேன் இருவரும் ஒரு விளக்கம் தந்தார்கள். புகைமணம் தரும் குவாயகால் என்ற பொருள், சாராயம் 45 சதவீதத்துக்குள் இருக்கும்போது நீர்மத்தின் மேற்பரப்பை ஒட்டி நிற்கிறது. 59-ஐத் தாண்டினால் சாராய மூலக்கூறுகள் சூழ்ந்துகொள்ள, உள்ளே போய்விடுகிறது. ஆனால் அது கணினிக் கணிப்பு, அதுவும் ஒரே ஒரு மூலக்கூறைப் பற்றியது. யார் மூக்கையும் வைத்துச் சோதித்ததல்ல. தண்ணீர் எல்லா மணத்தையும் திறக்கும் என்று அதை வைத்துச் சொல்பவர்கள் ஆய்வாளர்களைவிட அதிகம் சொல்கிறார்கள். சில மென்மையான பழைய விஸ்கிகள் பத்துச் சொட்டில் நீர்த்துச் சப்பென்று ஆவதையும் நான் கண்டிருக்கிறேன். கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியாது.

இனி, கிளாஸுக்குள் உண்மையிலேயே இருப்பவை. வாழைப்பழ மணம் என்று ஒருவர் எழுதினால் அவர் கதை கட்டவில்லை. நொதிக்கும்போது ஈஸ்ட் உண்டாக்கும் ஐசோஅமைல் அசிடேட், பழுத்த வாழையின் மணத்தைத் தரும் அதே பொருள். ஆப்பிள் மணத்துக்கு எத்தில் ஹெக்சனோயேட் இருக்கிறது. வனிலா மணம் ஓக் மரத்திலிருந்து வருகிறது. பீப்பாயின் உட்புறத்தைத் தீயில் வாட்டும்போது மரத்தின் லிக்னின் உடைந்து வனிலின் ஆகிறது, வனிலாக் காயில் இருப்பதும் அதுதான். தேங்காய் மணத்துக்குக் காரணம் ஓக்கின் லாக்டோன். "விஸ்கி லாக்டோன்" என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. அமெரிக்க ஓக்கில் அது கூடுதல். கிராம்பின் யூஜினாலும் மரத்தில் உண்டு. பர்பன் விஸ்கியை உட்புறம் கருக்கிய புது ஓக் கலன்களில்தான் முதிர வைக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். அங்கே ஒருமுறை பயன்பட்ட பீப்பாய்கள் ஸ்காட்லாந்துக்குப் போகின்றன. வனிலாவும் தேங்காயும் அத்தனை ஸ்காட்ச் குறிப்புகளில் திரும்பத் திரும்ப வருவதன் பின்னணி இதுதான், எழுதுகிறவர்களின் கற்பனை வறட்சி அல்ல. புகை, மருந்து, பிளாஸ்திரி மணங்கள் மால்ட்டை, அதாவது முளைகட்டிய பார்லியை, உலர்த்த எரிக்கும் பீட்டிலிருந்து வருகின்றன. பீட் என்பது சதுப்பு நிலத்தில் மக்கிக் கெட்டிப்பட்ட தாவரப் படிவு. அதன் புகையில் குவாயகாலும் கிரெசாலும் உண்டு. கிரெசால் கிருமிநாசினியில் பயன்பட்ட பொருள். ஐலா தீவின் லஃப்ரோய்க் விஸ்கியை முகர்ந்து "ஆஸ்பத்திரி வராந்தா" என்று ஒருவர் எழுதினால், அந்த ஒப்புமைக்கு அடியில் ஒரு மூலக்கூறு நிற்கிறது.

இவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாதவை உண்டு. கடல் உப்பு அவற்றில் முதலாவது. உப்பு ஆவியாகி வடிகலத்தைத் தாண்டி வருவதில்லை. தீவில் வடித்த விஸ்கியில் கணிசமான பகுதி பெருநிலத்துக் கிடங்குகளில்தான் முதிர்கிறது. கடற்காற்று பீப்பாய்க்குள் புகுந்து சுவையாகிறது என்பதை நான் நம்பவில்லை. ஆனாலும் நல்ல மூக்குள்ள பலர் அந்தச் சொல்லை எழுதுகிறார்கள். பீட்டின் மருந்து மணமும் மெல்லிய புளிப்பும் சேர்ந்து கடற்கரையை நினைவூட்டுகின்றன என்பது என் ஊகம், ஊகம் மட்டுமே. பீட்டின் அளவு என்று சொல்லும் பி.பி.எம். (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) எண்ணையும் கவனமாகப் படியுங்கள். அது உலர்த்திய மால்ட்டில் அளந்தது, புட்டியில் அளந்தது அல்ல. ஐலாவின் இன்னொரு வடிசாலையான அர்ட்பெக்கின் மால்ட் ஏறத்தாழ 55 என்பார்கள். அரைப்பது, நொதிப்பது, வடிப்பது, முதிர்வது என்று ஒவ்வொரு கட்டத்திலும் அதில் ஒரு பங்கு கழிந்துபோகிறது. வடிந்து வருவதில் எந்தப் பகுதியை மட்டும் வெட்டி எடுத்துச் சேர்க்கிறார்கள் என்பதைப் பொறுத்து, ஒரே எண் கொண்ட மால்ட்டிலிருந்து வெவ்வேறு புகைச்செறிவுள்ள விஸ்கிகள் வரும்.

நிறத்தை நம்பவே வேண்டாம். ஸ்காட்ச் விஸ்கியில் ஈ150ஏ எனப்படும் கருக்கிய சர்க்கரை நிறத்தைச் சேர்க்கச் சட்டம் இடம் தருகிறது. கிளாஸைச் சுழற்றினால் சுவரில் இறங்கும் "கால்கள்" சாராயத்தின் வீரியத்தையும் பரப்பு இழுவிசையையும் காட்டுகின்றன, தரத்தைக் காட்டுவதில்லை. புட்டியில் அச்சிட்ட வயது அதிலுள்ள மிக இளைய விஸ்கியின் வயது. 2009-ஆம் ஆண்டின் ஸ்காட்ச் விஸ்கி விதிகள்படி 700 லிட்டருக்கு மிகாத ஓக் பீப்பாயில் மூன்று ஆண்டுகளாவது இருந்தாக வேண்டும், வீரியம் 40-க்குக் குறையக்கூடாது. அதற்கு மேல் எத்தனை ஆண்டு நல்லது என்பது பீப்பாயையும் கிடங்கின் வெப்பத்தையும் பொறுத்தது. ஸ்காட்லாந்தில் ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகிப் போகிறது, வெப்பமான இடங்களில் அது பன்மடங்கு. அங்கே ஐந்து ஆண்டில் மரம் செய்யும் வேலைக்கு ஸ்காட்லாந்தில் பத்தாண்டுக்கு மேலும் ஆகலாம். முகர்ந்து வயதைச் சொல்வேன் என்பவர்களை எங்கள் குழுவில் மறைத்துவைத்துச் சோதித்திருக்கிறோம். மரத்தின் தாக்கம் கூடுதலா குறைவா என்று சொன்னார்கள், ஆண்டைச் சொல்ல முடியவில்லை.

அடுத்தது மனம். 2001-இல் பிரான்சின் போர்தோவில் திராட்சை மது பற்றிப் படித்துக்கொண்டிருந்த 54 மாணவர்களுக்கு ஒரு வெள்ளை மதுவில் மணமில்லாத சிவப்பு நிறம் கலந்து தந்தார்கள். அதைச் சிவப்பு மதுவுக்குரிய சொற்களால் அவர்கள் வர்ணித்தார்கள். கண் சொன்னதை மூக்கு ஒப்புக்கொண்டது. ஆஸ்திரேலிய ஆய்வாளர் டேவிட் லெய்ங்கும் அவருடைய கூட்டாளியும் 1989-இல் வெளியிட்ட ஆய்வும் முக்கியமானது. பல மணங்கள் கலந்த கலவையில் மூன்று நான்குக்கு மேல் தனித்தனியாக அடையாளம் காண்பது மனிதருக்கு மிகக் கடினம். ஆகவே ஒரே மூச்சில் பன்னிரண்டு மணங்களை எழுதும் குறிப்பை நான் சந்தேகத்தோடுதான் படிப்பேன். அரை மணி நேரத்தில் ஐந்தாறு முறை முகர்ந்து, ஒவ்வொரு முறையும் இரண்டிரண்டாக எழுதியிருந்தால் மரியாதையோடு படிப்பேன். இன்னொன்று, மூக்குகள் பிறப்பிலேயே வேறுபட்டவை. வயலட் பூவின் மணம் தரும் பீட்டா அயனோன் சிலருக்கு இனிய பூவாகவும், சிலருக்குப் புளித்த நெடியாகவும் தெரிவதற்கு ஒரே ஒரு மரபணு வேறுபாடு போதும். பக்கத்தில் இருப்பவருக்குத் தெரிவது உங்களுக்குத் தெரியாமல் போவதில் தவறு எதுவும் இல்லை.

எங்கள் குழுவில் ஒரு மாலையை இன்னும் நினைவில் வைத்திருக்கிறேன். ஆறு கிளாஸ்கள், எண்கள் மட்டும். இரண்டாவதிலும் ஐந்தாவதிலும் ஒரே புட்டியிலிருந்து ஊற்றியிருந்தேன், யாருக்கும் சொல்லவில்லை. நடுவே நான்காவதாக நல்ல புகைச்செறிவுள்ள ஒன்று. பன்னிரண்டு பேர் எழுதிய தாள்களை வாங்கிப் பார்த்தேன். இரண்டாவதுக்குக் "காய்ந்த புல், எலுமிச்சைத் தோல், மெலிவு" என்று எழுதிய அதே கை, ஐந்தாவதுக்குத் "தேன், கனிந்த பேரிக்காய், மெத்தென்ற இனிப்பு" என்று எழுதியிருந்தது. பெரும்பாலோர் தாளிலும் இதே சாயல். ஒருவர் மட்டும் ஓரத்தில் பென்சிலால் "2?" என்று சிறிதாகக் குறித்திருந்தார். அவர்கள் யாரும் பொய் எழுதவில்லை. புகையில் தோய்ந்த மூக்குக்கு அடுத்து வந்ததன் இனிப்பு மேலெழுந்து தெரிந்தது. குறிப்பு என்பது விஸ்கியை மட்டும் பதிவு செய்வதில்லை, அதற்கு முன்னால் எதைக் குடித்தோம் என்பதையும் சேர்த்தே பதிவு செய்கிறது என்று அன்றைக்கு எல்லோரும் கண்ணால் பார்த்தோம். அதற்குப் பிறகு வீரியம் குறைந்ததிலிருந்து கூடியதற்கு, புகையில்லாததிலிருந்து புகையுள்ளதற்கு என்ற வரிசையை நாங்கள் மீறுவதே இல்லை.

உங்கள் குழுவின் உண்மையான குறை எது என்று கேட்டால், முகரும்போதே எல்லோரும் வாய்விட்டுச் சொல்வதுதான் என்பேன். மூத்தவர் ஒருவர் "தோல்" என்றதும் அறை முழுவதும் தோல் மணக்கும். எங்கள் வழக்கம் இது. முதல் பத்து நிமிடம் பேச்சே கிடையாது. அவரவர் தாளில் எழுத வேண்டும். பிறகு புதிதாக வந்தவர் முதலில் படிப்பார், மூத்தவர் கடைசியில். எல்லோரும் படித்து முடித்த பிறகுதான் புட்டியைச் சுற்றியிருக்கும் துணியை அவிழ்ப்போம். ஒரே சொல்லையோ ஒரே குடும்பத்துச் சொல்லையோ மூன்று நான்கு பேர் தனித்தனியே எழுதியிருந்தால் அது குழுவின் குறிப்பேட்டில் ஏறும். ஒருவர் மட்டும் எழுதியது அவர் பெயரோடு தனியே இருக்கும், அழிக்க மாட்டோம். 1983-இல் எடின்பரோவின் லீத் பகுதியில் தொடங்கிய ஸ்காட்ச் மால்ட் விஸ்கி சொசைட்டி தன் புட்டிகளில் வடிசாலையின் பெயரைப் போடாமல் எண்களை மட்டும் போடும் வழக்கத்தைக் கொண்டுவந்தது. புள்ளிக்கு முன்னால் இருப்பது வடிசாலை, பின்னால் இருப்பது பீப்பாய். பெயரைப் பார்த்துச் சுவைப்பதிலிருந்து விடுபட அது ஒரு நல்ல ஏற்பாடு.

வித்தியாசம் தெரிகிறதா என்ற சச்சரவு வந்தால் மூன்று கிளாஸ் சோதனை வையுங்கள். இரண்டு கிளாஸில் ஒரே விஸ்கி, மூன்றாவதில் வேறொன்று. ஒற்றையைக் கண்டுபிடிக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் மூன்றில் ஒருவர் சரியாகச் சொல்லிவிடுவார், பன்னிரண்டு பேரில் நான்கு பேர். எட்டுப் பேராவது சரியாகச் சொன்னால்தான் வித்தியாசம் உண்மையிலேயே தெரிகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுவதைப் பற்றி எனக்கு அதிகம் சொல்ல விருப்பமில்லை. ஒருவரின் எண்கள் அவருக்குள் ஒப்பிட உதவும், அதற்கு மேல் எடுத்துச் செல்லக்கூடாது.

சொற்களுக்கு வருவோம். 1979-இல் ஸ்காட்லாந்தின் பென்ட்லண்ட்ஸ் ஆய்வு நிறுவனத்தார் விஸ்கியின் மணங்களை ஒரு சக்கரமாக வரைந்தார்கள். தொழிலில் உள்ளவர்கள் ஒரே பொருளுக்கு ஒரே சொல்லைப் பயன்படுத்த வேண்டும் என்பதற்காகச் செய்தது அது. அதைப் பார்த்துப் பழகுங்கள், ஆனால் அதிலிருந்து சொற்களைக் கடன் வாங்காதீர்கள். ஸ்காட்லாந்தின் காட்டுப்பூவான ஹெதரை முகர்ந்தே அறியாதவர் குறிப்பில் ஹெதர் எழுதுவதில் என்ன பயன்? தமிழ் பேசுகிறவருக்கு இந்த வேலையில் ஒரு வசதி உண்டு. அறுசுவை என்று சிறு வயதிலேயே கற்ற வரிசையில் துவர்ப்பும் கார்ப்பும் இருக்கின்றன. ஓக் மரத்தின் டானின் ஈறில் இழுத்துப் பிடிப்பதைச் சொல்ல "துவர்ப்பு" என்ற ஒரு சொல் போதும். சாராயத்தின் எரிவையும் மரத்தின் மசாலாக் காரத்தையும் பிரித்துச் சொல்லவும் நமக்குத் தடுமாற்றம் இல்லை. எங்கள் குழுவில் ஒரு பெண்மணி, அதிகம் பேசாதவர், ஒரு விஸ்கிக்கு "எச்சில் தொட்டு அழித்த சிலேட்டு" என்று எழுதினார். அறையில் பாதிப்பேர் மறுபடி கிளாஸை எடுத்து முகர்ந்தார்கள். ஈரமான கல், சுண்ணாம்புத் தூள், ஒரு சின்னப் புளிப்பு எல்லாம் அந்த நான்கு சொற்களில் இருந்தன. அது எந்தச் சக்கரத்திலும் இல்லை, எங்கள் குறிப்பேட்டில் இருக்கிறது.

மூக்குக்குப் பயிற்சி தர விஸ்கி தேவையில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கிராம்பு, உலர்திராட்சை, ஆரஞ்சுத் தோல், பென்சில் சீவல், கரித்துண்டு என்று சின்னப் புட்டிகளில் போட்டு, மூடிக்கு அடியில் பெயர் எழுதி, கண்ணை மூடி எடுத்து முகருங்கள். நன்கு அறிந்த மணத்துக்குக்கூடப் பெயர் வராமல் நாக்கு நுனியில் நிற்கும். மூக்கு அதைப் பிடித்துவிட்டது, பெயரைத் தேடி எடுக்கும் வழிதான் தேய்ந்து கிடக்கிறது. சில வாரங்களில் அது திரும்ப வரும்.

அளவைப் பற்றி நான் கண்டிப்பானவன். ஒரு கிளாஸுக்கு 10 மி.லி., ஒரு மாலைக்கு ஐந்து கிளாஸ். 46 சதவீத விஸ்கி என்று வைத்துக்கொண்டால் அதுவே சுமார் 18 கிராம் சாராயம். மது எந்த அளவிலும் உடல்நலத்துக்குப் பாதுகாப்பானது அல்ல என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதை மறுக்க என்னிடம் எதுவும் இல்லை. துப்புவதற்கு ஒரு கிண்ணம் மேசையில் எப்போதும் இருக்க வேண்டும், அதைப் பயன்படுத்துகிறவரை யாரும் ஏளனமாகப் பார்க்கக்கூடாது. மூன்றாவது கிளாஸுக்குப் பிறகு மூக்கும் மங்கும், கையெழுத்தும் மாறும். பழைய தாள்களை எடுத்துப் பாருங்கள், அங்கிருந்து சொற்கள் வீங்கத் தொடங்கியிருக்கும்.

அடுத்த கூட்டத்தில் ஒன்று மட்டும் செய்து பாருங்கள். உங்களுக்குச் சாராய நெடி மட்டுமே தெரிந்த அந்தக் கிளாஸைக் கழுவாமல், எண் எழுதிய தாளோடு வீட்டுக்கு எடுத்துச் சென்று திறந்தபடி வைத்துவிடுங்கள். மறுநாள் காலையில் எதையும் சாப்பிடுவதற்கு முன் முகருங்கள். இரவுக்குள் சாராயம் பறந்துவிட்டிருக்கும். ஆவியாகச் சோம்பும் கனத்த மூலக்கூறுகள் கண்ணாடியில் ஒட்டியிருக்கும். வனிலா, மரத்தூள், அணைந்த அடுப்பின் சாம்பல், சில சமயம் தேன்மெழுகு. எந்த விஸ்கியில் எது என்று நான் இங்கிருந்து சொல்ல முடியாது. முதலில் தோன்றும் சொல்லை, எவ்வளவு விசித்திரமாக இருந்தாலும், அந்தத் தாளிலேயே எழுதி அடுத்த முறை எடுத்துச் செல்லுங்கள்.